ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் திடீர் வயிற்று வலியும்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்று பெயர். மருத்துவமனைச் சீட்டுகளில் ஏ.எஃப். என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரக்கூடும் என்பது இன்று பலருக்குத் தெரியும். அதே நோயால் வயிற்றுக்குள்ளும், அதுவும் சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும் அளவுக்கு ஆபத்து வரலாம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஏ.எஃப். உள்ள ஒருவருக்குத் திடீரெனக் கடுமையான வயிற்று வலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை, குடலுக்குப் போகும் இரத்தம் தடைபட்டிருக்கலாம் என்று கருதியே நடக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

முதலில் இதயத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஓய்வாக இருக்கும்போது இயல்பான இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை ஒரே சீராகத் துடிக்கிறது. ஏ.எஃப். வந்தவரின் மேலறைகளிலோ நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்தூண்டல்கள் எழுகின்றன. அவற்றில் ஒரு பகுதி மட்டுமே கீழறைகளுக்கு இறங்குவதால், கையைப் பிடித்து நாடி பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம் எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் மாறிக்கொண்டே இருக்கும். மேலறை முழுமையாகச் சுருங்காததால் இரத்தம் அங்கே தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு நீட்சி உண்டு. ஓடாத கால்வாய் நீரில் பாசி படர்வதைப் போல, அந்தப் பைக்குள் தேங்கிய இரத்தம் மெல்ல உறைந்து கட்டியாகிறது. வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளின் இடது மேலறையில் உருவாகும் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் உருவாகின்றன. கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால் அது இடது கீழறைக்கும், அங்கிருந்து பெருந்தமனிக்கும் வந்துவிடும். பெருந்தமனிக்கு வந்த துண்டு மேல்நோக்கி மூளைக்குப் போனால் பக்கவாதம். கீழ்நோக்கி இறங்கினால் குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ மண்ணீரலுக்கோ காலுக்கோ போகும்.

இந்த நோய் யாருக்கெல்லாம் வருகிறது? முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, தைராய்டு அதிகமாகச் சுரத்தல் ஆகியவை உலகெங்கும் சொல்லப்படும் காரணங்கள். நம் நாட்டில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சிறு வயதில் வந்த தொண்டைப் புண் சரியாகக் குணப்படுத்தப்படாமல், அதன் பின்விளைவாக வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. காற்றோட்டமில்லாத சிறிய வீட்டில் பலர் நெருக்கியடித்து வாழும் சூழலில் தொண்டைக் கிருமி எளிதில் பரவும் என்பதால், வட சென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் போன்ற நெரிசலான பகுதிகளில் வளர்ந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். வால்வு சுருங்கியவர்களுக்கு ஏ.எஃப். முதுமைக்குக் காத்திருப்பதில்லை, முப்பது நாற்பது வயதிலேயே வந்துவிடலாம். கட்டி உருவாகும் அபாயமும் இவர்களுக்கே அதிகம். வால்வு நோயில்லாத ஏ.எஃப். பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது என்றால், வால்வு சுருக்கத்தோடு வரும் ஏ.எஃப். அதைப் பதினைந்து மடங்குக்கும் மேலே கொண்டுபோகிறது.

இனி வயிற்றுக்கு வருவோம். பெருந்தமனி வயிற்றுக்குள் இறங்கியதும் முன்பக்கமாகச் சில பெரிய கிளைகளைக் கொடுக்கிறது. அவற்றில் இரண்டாவது, மேல் மெசென்ட்ரிக் தமனி. சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும் இரத்தம் தருவது இந்த ஒரே குழாய்தான். இது பெருந்தமனியிலிருந்து செங்குத்தாகப் பிரியாமல், கீழ்நோக்கிச் சாய்ந்து, அதன் போக்கிலேயே இறங்குகிறது. குழாயும் அகலமானது. அதனால் இரத்த ஓட்டத்தோடு வரும் கட்டி நேராக இதற்குள் நுழைவது எளிதாகிவிடுகிறது. நுழைந்த கட்டி பெரும்பாலும் குழாயின் வாயிலேயே நிற்பதில்லை. சில சென்டிமீட்டர் உள்ளே போய், முதல் கிளைகள் பிரிந்த பிறகு குழாய் குறுகும் இடத்தில் அடைத்துக்கொள்கிறது. சிறுகுடலின் தொடக்கப் பகுதி தப்பிப் பிழைக்க, அதற்குக் கீழே உள்ள நீண்ட குடல் பட்டினியாகிறது. இதற்கு அக்யூட் மெசென்ட்ரிக் இஸ்கீமியா என்று பெயர். இந்த நோய் இப்படிக் கட்டி வந்து அடைப்பதால் மட்டும் வருவதில்லை. தமனியின் சுவரில் கொழுப்புப் படிந்து அடைபடலாம், சிரை அடைபடலாம், இரத்த அழுத்தம் மிகக் குறைந்தும் வரலாம். என்றாலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பேருக்கு இதயத்திலிருந்து வந்த கட்டியே காரணம்.

பெரும்பாலும் இது எப்படி நடக்கும் என்பதை ஒரு கற்பனை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். மைட்ரல் வால்வு சுருக்கமும் ஏ.எஃப். நோயும் உண்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டுவந்தார். பல் பிடுங்குவதற்காக மாத்திரையை நிறுத்தியவர் மறுபடி தொடங்கவில்லை. ஒரு நாள் நள்ளிரவில் தொப்புளைச் சுற்றித் திடீரெனப் பிடித்துப் பிசைவதைப் போன்ற வலி. ஒரு முறை வாந்தி, இரண்டு முறை வயிற்றுப்போக்கு. “கேஸா இருக்கும் அத்தே, ஓமத் தண்ணி வெச்சுத் தரேன்” என்கிறார் மருமகள். அவர் படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் புரள்கிறார். அக்கம்பக்கத்தில் ஒரு மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். வயிறு பஞ்சாக மிருதுவாக இருக்கிறது, அழுத்தும்போது வலி கூடவில்லை. வயிற்றுப் புண்ணுக்கும் வலிக்கும் ஊசி போட்டு அனுப்புகிறார். காலையில் வலி கொஞ்சம் தணிகிறது, வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள். மதியத்துக்குள் வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் கலந்து, நாடி வேகமெடுத்து, பேச்சு குழறத் தொடங்குகிறது.

இதில் இரண்டு கட்டங்களை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். நோயாளி துடிக்கும் அளவுக்கும் மருத்துவரின் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பதுதான் இந்த நோயின் தொடக்க அடையாளம். இரத்தம் கிடைக்காத குடல் வலிப்பால் சுருங்கி வலிக்கிறது. ஆனால் வயிற்றறையின் உட்சவ்வு இன்னும் பாதிக்கப்படவில்லை. அதனால்தான் வயிறு இறுகவில்லை. “தொட்டால் ஒன்றுமில்லை, ஆனால் இவ்வளவு கத்துகிறாரே” என்று தோன்றும் இடத்தில், நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டுவதைவிட ஆபத்தான பிழை வேறில்லை. அடுத்தது, காலையில் வலி தணிந்தது. அது பெரும்பாலும் குணத்தின் அறிகுறி அல்ல. குடல் சுவரின் நரம்புகள் செயலிழந்து, குடல் அசைவற்றுப் போவதாலும் வலி குறையும். அந்த இடைவெளியைத்தான் வீட்டிலும் சில வேளைகளில் மருத்துவமனையிலும் நிம்மதியாக எடுத்துக்கொண்டு, கையில் இருந்த நேரத்தை நழுவவிட்டுவிடுகிறோம்.

அந்த நேரம் எவ்வளவு? ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் நான்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கைக் குடலும் அதைச் சார்ந்த உறுப்புகளும் பெறுகின்றன. அவ்வளவு இரத்தம் தேவைப்படும் உறுப்பு அது இல்லாமல் நெடுநேரம் தாங்காது. முற்றிலும் அடைபட்டால் உட்பூச்சு சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சுவரின் முழுத் தடிமனும் மீட்க முடியாத நிலைக்குப் போகலாம். அழுகிய குடலின் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்தபின் மருத்துவர்கள் எவ்வளவு போராடினாலும் பிழைப்பவர்கள் குறைவு. இந்த நோயில் இறப்பு பாதிக்கும் மேல் என்று பல காலமாகப் பாடநூல்கள் எழுதிவருகின்றன. 24 மணி நேரத்துக்குள் கண்டறியப்பட்டவர்களுக்கும் அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களுக்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

கண்டறிவதில் உள்ள சிக்கல், வழக்கமான பரிசோதனைகள் பல தொடக்கத்தில் கைவிரித்துவிடுவதுதான். எக்ஸ்ரே இயல்பாக இருக்கும். வாயு நிறைந்த குடல் மறைப்பதால் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை நம்ப முடியாது. வெள்ளணுக்கள் கூடியிருக்கலாம், அமிலேஸ் என்ற செரிமான நொதி கூடியிருந்தால் கணைய அழற்சி என்று திசைமாறிப் போகும் வாய்ப்பும் உண்டு. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் லாக்டேட் இரத்தத்தில் உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் லாக்டேட் இயல்பாக இருக்கிறது என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது, ஏனென்றால் அது உயர்வதற்குள் குடல் ஏற்கெனவே கெட்டிருக்கலாம். நம்பத்தக்க பரிசோதனை சி.டி. ஆஞ்சியோகிராம் ஒன்றே. கையில் உள்ள சிரை வழியாக நிறமருந்து செலுத்தி, தமனிகளில் அது ஓடுவதைப் படமெடுத்தால், மெசென்ட்ரிக் தமனியில் மருந்து சட்டென்று நின்றுபோன இடம் கண்ணுக்கே தெரியும். நிறமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமே என்ற தயக்கம் நியாயமானது. இருந்தாலும், குடல் அழுகும் சந்தேகம் வலுவாக இருக்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அறிக்கைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதில் பொருளில்லை என்பதே இத்துறை மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு.

சிகிச்சை ஒரே நேரத்தில் பல கைகளில் தொடங்குகிறது. சிரை வழியாகத் திரவம், ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், கட்டி மேலும் வளராமல் தடுக்க ஹெப்பாரின். குடல் இன்னும் அழுகவில்லை என்று தெரிந்தால், தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுக்க முடியும். அழுகியிருக்கும் சந்தேகம் இருந்தால் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். தமனியைச் சிறிதாகக் கீறி, நுனியில் பலூன் கொண்ட மெல்லிய ஃபோகார்ட்டி குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, பலூனை ஊதி, கட்டியோடு சேர்த்து வெளியே இழுக்கிறார்கள். அமெரிக்க அறுவை சிகிச்சையாளர் தாமஸ் ஃபோகார்ட்டி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எளிய கருவி இது. இன்றும் அடிப்படையில் மாறவில்லை. இரத்தம் திரும்பியபின் கறுத்த குடல் எது, மீண்டும் சிவக்கும் குடல் எது என்று பொறுமையாகப் பார்த்து, செத்த பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். ஐயத்துக்குரிய பகுதியை விட்டுவைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் ஒரு முறை வயிற்றைத் திறந்து பார்ப்பதும் வழக்கம். இரண்டாவது முறை திறக்கிறார்கள் என்றதும் முதல் அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று உறவினர்கள் பதறுவதுண்டு. குடலை முடிந்த அளவு காப்பாற்றவே அப்படிச் செய்கிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பதற்றம் குறையும். எஞ்சிய சிறுகுடல் இரண்டு மீட்டருக்கும் குறைந்தால், உண்ட உணவு உடலில் சேராமல் வாழ்நாள் முழுதும் அவதிப்பட நேரலாம்.

சிறுநீரகத்துக்குக் கட்டி போனால் விலாவில் திடீர் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம். கேட்டவுடன் யாருக்கும் கல்லடைப்பு என்றுதான் தோன்றும். கல்லைத் தேடி நிறமருந்து இல்லாமல் ஸ்கேன் எடுத்தால், கல் இல்லை என்று வருமே தவிர, இரத்தம் போகாமல் செத்த சிறுநீரகப் பகுதி அதில் தெரியாது. ஏ.எஃப். உள்ளவருக்கு விலா வலி வந்து, ஸ்கேனில் கல்லும் இல்லை என்றால், அங்கே விசாரணை முடியக் கூடாது, திசு செத்தால் இரத்தத்தில் கூடும் எல்.டி.எச். என்ற நொதியைப் பார்த்து, நிறமருந்தோடு சி.டி. எடுக்க வேண்டும். மண்ணீரலுக்குப் போனால் இடது மேல் வயிற்றில் வலி வரும், சில வேளை இடது தோள்பட்டை வரை பரவும். இவை குடல் அடைப்பைப் போல உடனே உயிரைக் குடிப்பவை அல்ல. ஆனாலும் இதயத்தில் கட்டி இருக்கிறது, அடுத்த துண்டு எங்கே போகும் என்று தெரியாது என்பதற்கான எச்சரிக்கைகள் இவை. வயிற்று வலியோடு ஒரு கால் குளிர்ந்து வெளுத்துப்போனாலும், முன்பு எப்போதாவது பக்கவாதம் வந்திருந்தாலும் சந்தேகம் பல மடங்காக வேண்டும்.

இதுவரை சொன்னது இரத்தம் உறைவதால் வரும் ஆபத்து. உறைவதைத் தடுக்க எடுக்கும் மருந்தால் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையைக் குறித்த இடைவெளியில் செய்துகொள்கிறார்கள், ஏ.எஃப். நோயாளிகளுக்கு அது பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். அது எகிறிவிட்டால் வயிற்றின் முன்சுவர்த் தசைக்குள் இரத்தம் கட்டலாம். நன்றாக இருமியவருக்கு வயிற்றில் திடீர் வலியும் வீக்கமும் தோன்றினால் அது இதுவாக இருக்கக்கூடும். முதுகுப்புறத் தசைக்குள் இரத்தம் இறங்கினால் இடுப்பும் தொடையும் வலித்து, காலை நீட்ட முடியாமல் போகும். குடல் சுவருக்குள்ளேயே இரத்தம் கட்டிக் குடலை அடைப்பதும் உண்டு. இரைப்பையிலோ குடலிலோ கசிந்தால் மலம் தார் போலக் கறுத்து வரும். ஐ.என்.ஆர். எகிறுவதற்குப் பெரும்பாலும் காரணம் மாத்திரைகளின் மோதல்தான். வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல், பூஞ்சைப் படைக்கு ஃபுளுகோனசோல், சிறுநீர்க் கிருமிக்குக் கோட்ரைமாக்ஸசோல் ஆகிய ஒவ்வொன்றும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். மாறாவிட்டாலும் இரைப்பையில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. சீட்டில்லாமல் ஒரு பட்டை மாத்திரை வாங்கும் பழக்கத்தை இவர்கள் முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

ஆக, ஏ.எஃப். உள்ளவரின் வயிற்று வலிக்கு உறைவும் காரணமாகலாம், கசிவும் காரணமாகலாம். ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றதற்கு நஞ்சு. வீட்டிலோ தெருமுனைக் கிளினிக்கிலோ இதைப் பிரித்தறிய வழியில்லை, ஐ.என்.ஆர். குறைவாக இருந்தால் உறைவின் பக்கமும், மிக அதிகமாக இருந்தால் கசிவின் பக்கமும் எண்ணம் சாயும் என்றாலும் முடிவு செய்வது ஸ்கேன்தான். வேறு சில சாத்தியங்களையும் மருத்துவர் மனத்தில் வைத்திருப்பார். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கத் தரும் டிகாக்சின் அளவு மிஞ்சினால் குமட்டலும் வயிற்று வலியும் வரும். மேல் வயிற்று வலியாகத் தோன்றுவது மாரடைப்பாக இருக்கலாம் என்பதால் ஈ.சி.ஜி. எடுக்காமல் விடக் கூடாது. பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி, குடல் ஓட்டை போன்ற கடும் நோய்களே புதிதாக ஏ.எஃப். வரக் காரணமாவதும் உண்டு, எனவே ஈ.சி.ஜி.யில் ஏ.எஃப். தெரிந்த மாத்திரத்தில் எல்லாவற்றுக்கும் அதையே பொறுப்பாக்கவும் முடியாது.

வலி வந்துவிட்டால் செய்ய வேண்டியது சுருக்கமானது. உணவோ நீரோ கொடுக்காமல், கை வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களுக்குப் பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் போக்குவரத்தில் கழியும் நேரத்தையும் கணக்கில் வைத்து இன்னும் முன்னதாகப் புறப்பட வேண்டும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் “வயிற்று வலி” என்று மட்டும் சொல்வது போதாது. “இவருக்கு ஏ.எஃப். இருக்கிறது, இரத்தம் உறையாமல் இருக்க இந்த மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாகச் சாப்பிட்டது இத்தனை மணிக்கு, இத்தனை நாள் விட்டுப்போயிற்று, வலி தொடங்கியது இத்தனை மணிக்கு” என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். கூட்டம் மிகுந்த நேரத்தில் வயிற்று வலிக்காரர்கள் பலர் இருப்பார்கள். அவர்களில் இவர் வேறு என்பதை முதலில் கண்டு சொல்லக்கூடியவர் உடன் வந்தவர்தான். ஐ.என்.ஆர். அட்டையையும் மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் எப்போதும் தயாராக வைத்திருப்பது இதற்குப் பெரிதும் உதவும்.

வராமல் தடுப்பது மாத்திரையின் ஒழுங்கில் இருக்கிறது. அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் அவை உடலில் நெடுநேரம் தங்குவதில்லை என்பதால், ஓரிரு வேளை விட்டாலும் பாதுகாப்பு போய்விடும். ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின் வகையே இன்றும் சிறந்தது. ருமாட்டிக் வால்வு நோயாளிகளிடம் ரிவரோக்சபானை அதனோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானபோது பழைய மருந்தின் பக்கமே முடிவு வந்தது. எனவே புதியது நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் தின்று அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் ஐ.என்.ஆரை ஏற்றியிறக்கும். ஓரிரு பற்களைப் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. ஐ.என்.ஆர். உரிய அளவில் இருந்தால், ஈறில் தையலும் அழுத்தமும் கொடுத்தே இரத்தத்தை நிறுத்திவிட முடியும். கண், மூலம், குடலிறக்கம் என்று வேறு எந்தச் சிகிச்சைக்காகவாவது மருத்துவர் நிறுத்தச் சொன்னால், எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்ற இரண்டையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, இதய மருத்துவரிடமும் ஒரு முறை காட்டிவிட வேண்டும்.